ஏப்ரல் மேடையில் யார் நன்றாக அடித்தார்கள் என்று எப்படித் தீர்மானிப்பது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. இலங்கை மலையகத்தில், நுவரெலியா பக்கத்தில் ஏப்ரல் சீசனை (புத்தாண்டு விடுமுறைக் கூட்டம் வரும் காலத்தை) ஒட்டி இளைஞர் கழகம் ஓர் இசை விழா நடத்துகிறது. அதில் தாளக் கலைஞர்களுக்குப் போட்டி. உங்களை நடுவராகப் போட்டுவிட்டார்கள். கொஞ்சம் கீபோர்ட் வாசிப்பீர்கள், தாள வாத்தியம் எதுவும் கற்றதில்லை. போன வருடம் எல்லாரையும்விட வேகமாக அடித்த பையனுக்குப் பரிசு போனதில் பெரிய சண்டை. இந்த வருடம் டிரம் செட், தப்பு (இரண்டு குச்சியால் அடிக்கும் தோல் பறை), கெட்ட பெர (கண்டிய நடனத்தின் இருமுக மேளம்) மூன்றும் ஒரே பட்டியலில் வருகின்றன. எதைப் பார்த்துப் புள்ளி போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். கற்காத காதை நம்பித் தீர்ப்புச் சொல்லலாமா என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி. பாதித் தூரம் நம்பலாம். மீதிப் பாதிக்கு எங்கே கவனிக்க வேண்டும் என்று தெரிந்தால் போதும். நான் ஹட்டனில் டிரம்ஸ் சொல்லிக்கொடுப்பவன், தப்புச் சத்தத்தோடு வளர்ந்தவன், பாடசாலை, தேயிலைத் தோட்ட விழாக்களில் நடுவராக உட்கார்ந்தவன். கெட்ட பெர மட்டும் நான் முறையாகக் கற்றதில்லை, கேட்டுப் பழகியது மட்டுமே. அதைப் பற்றி நான் சொல்வதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், அடிப்பவரை மட்டும் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். அவரைச் சுற்றி நிற்பவர்களைப் பாருங்கள். தாளக்காரர் நல்லவர் என்றால் அது பாடுபவரின் முகத்தில் தெரியும், பேஸ் கிட்டார்காரரின் தோளில் தெரியும், தப்புக்கு ஆடுகிறவர்களின் காலில் தெரியும். பாடுபவர் திரும்பித் திரும்பிப் பின்னால் பார்க்கிறார் என்றால் அங்கே ஏதோ சரியில்லை. ஒரு விழாவில் நான் பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். பாடிய பெண் இடையிசையை மறந்து, நான்கு சுற்று முன்னதாகவே சரணத்தைத் தொடங்கிவிட்டார். டிரம்ஸ் பையன் அந்த நேரம் டாம் என்ற டிரம்களில் ஓர் உருட்டை, அதாவது சுற்றின் முடிவில் வேகமாக உருட்டி அடிக்கும் அலங்கார அடியை, ஆரம்பித்துவிட்டிருந்தான், கை பாதி வழியில் இருந்தது. உருட்டை அப்படியே விட்டான். இடது குச்சியை ஸ்நேர் (கூர்மையான சத்தம் தரும் டிரம்) விளிம்பில் படுக்கவைத்து ‘டக்… டக்…’ என்று மெதுவாக வைத்துக்கொண்டே கீபோர்ட்காரரைப் பார்த்துத் தலையை ஆட்டினான். ஒரே சுற்றுக்குள் எல்லாரும் சரணத்தில் இருந்தார்கள். மைதானத்தில் ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை. அவன் அன்று ஒரு தனி ஆவர்த்தனமும் செய்யவில்லை. என் தாளில் அன்றைய அதிகப் புள்ளி அவனுக்குத்தான்.

நிச்சயமாகச் சொல்லக்கூடியது காலப்பிரமாணம், அதாவது ஓட்டம் நிலையாக இருக்கிறதா என்பது. இதற்கு யாருடைய ரசனையும் தேவையில்லை, அளந்தே பார்க்கலாம். கைப்பேசியில் மெட்ரோநோம் செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். தாளத்துக்கு விரலால் தட்டினால் நிமிடத்துக்கு எத்தனை அடி என்று அது காட்டும். பாட்டின் முதல் சரணத்தில் ஒரு தடவை, கடைசிப் பல்லவியில் ஒரு தடவை தட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். 120இல் தொடங்கி 122இல் முடிந்தால் அது குறையே அல்ல, உங்கள் விரலே அந்த அளவு தவறும். 130இல் முடிந்தால் ஓடியிருக்கிறார். மேடைப் படபடப்பில் மெதுவாகப் போகிறவர்களைவிட ஓடுகிறவர்களே அதிகம். அதிலும் ஓட்டம் பிடிப்பது பெரும்பாலும் உருட்டு வரும் இடங்களில்தான். ஆகவே ஒவ்வோர் உருட்டுக்குப் பிறகும் அடுத்த சுற்றின் முதல் அடி எங்கே விழுகிறது என்று கேளுங்கள். கையால் தொடையில் தட்டிக்கொண்டே இருங்கள். உருட்டு முடிந்ததும் உங்கள் கையும் அவர் காலால் அடிக்கும் கிக் டிரம்மும் சேர்ந்து விழுந்தால் சரி. உங்கள் கை தனியாக நின்றுவிட்டால் அவர் அவசரப்பட்டிருக்கிறார். தாளம் கற்காதவரும் இதைச் செய்யலாம். நான் சொல்வதில் ஒன்றை மட்டும் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள்.

தப்புக்கு இந்த அளவுகோலை அப்படியே தூக்கிப் போடக்கூடாது. தப்பில் போகப் போக அடி ஏறுவது அந்தக் கலையின் சுபாவம். மெதுவாகத் தொடங்கி, சாமி வந்தவர் ஆடும் இடத்துக்கு ஏறி, மறுபடி இறங்கும். அங்கே பார்க்க வேண்டியது, ஏறியது எல்லாரும் சேர்ந்து ஏறினார்களா என்பது. தலைமைத் தப்புக்காரர் கண்ணாலோ ஒரு வெட்டு அடியாலோ சொல்லி, அடுத்த சுற்றில் ஆறு பேரும் புது வேகத்தில் நின்றால் அது தேர்ச்சி. ஒருவர் இழுத்துக்கொண்டு ஓட, மற்றவர்கள் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு துரத்தினால் அது வேறு. இறங்கும்போது இந்த வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும். வேகத்தைக் கூட்டுவது யாருக்கும் வரும். கூட்டிய வேகத்தை எல்லாரும் ஒன்றாகக் குறைத்துக் காட்டுவது பழகிய குழுவுக்குத்தான் வரும்.

டிரம் செட்டில் நம் பக்கத்து மேடைக்கு இன்னொரு சோதனை இருக்கிறது. நம் பேண்ட்கள் இலங்கையின் ஆட்டப் பாட்டான பைலாவையும் சினிமாக் குத்துப் பாட்டையும் ஒன்றாகக் கோர்த்துத்தான் அடிப்பார்கள். பைலா 6/8 (சுற்றுக்கு ஆறு சிற்றடி), குத்தில் பெரும்பாலானவையும் அதே மாதிரி மூன்று மூன்றாகப் பிரிபவை. அதனால் ஒன்றிலிருந்து மற்றதற்கு நிற்காமல் தாவலாம். ஆனால் அழுத்தம் விழும் இடம் வேறு. நல்லவர் தாவும்போது ஹை-ஹாட் (ஜோடித் தட்டு) அப்படியே ஓட, கிக்கும் ஸ்நேரும் இடம் மாறுவது கேட்கும், கூட்டத்தின் இடுப்பும் உடனே மாறும். சுமாரானவர் இரண்டையும் ஒரே அடியாக அடித்துவிட்டுப் போய்விடுவார். இன்னும் மோசமானால் மூன்றை நான்காக நேராக்கிவிடுவார், பைலா அணிவகுப்புப் பாட்டு மாதிரி ஆகிவிடும்.

போன வருடச் சண்டைக்கு வருகிறேன். வேகத்தைக் கண் பார்க்கிறது, காது அவ்வளவாகக் கேட்பதில்லை. 2013இல் சியா-ஜுங் ட்சாய் என்ற ஆய்வாளர் இசைப் போட்டிகளின் பதிவுகளை வைத்து ஒரு சோதனை செய்தார். ஒலியை மட்டும் கேட்டு யார் வென்றார் என்று சொல்லச் சொன்னபோது, இசைஞர்களே குருட்டாம்போக்கில் சொன்ன அளவுக்குத்தான் சரியாகச் சொன்னார்கள். ஒலியே இல்லாத படத்தைப் பார்த்தவர்கள் அதைவிடக் கூடுதலாகச் சரியாகச் சொன்னார்கள். அது மேற்கத்தியச் செவ்வியல் இசைப் போட்டி, இறுதிச் சுற்றில் எல்லாருமே கிட்டத்தட்ட ஒரே தரம். தாளப் போட்டிக்கு, அதுவும் தரம் மேலும் கீழுமாக இருக்கும் தோட்ட விழாவுக்கு, அந்த முடிவு அப்படியே பொருந்துமா என்பது சந்தேகம்தான். ஆனாலும் குச்சியைச் சுழற்றி மேலே எறிந்து பிடிப்பவர் நம் கண்ணை என்ன செய்கிறார் என்பதற்கு ஆய்வு தேவையில்லை. அதனால் ஒவ்வொருவரின் முதல் ஒரு நிமிடத்தையும் தாளைப் பார்த்துக் குனிந்துகொண்டே கேளுங்கள். ஒரு குறிப்பு எழுதுங்கள். அப்புறம் நிமிர்ந்து பாருங்கள். இரண்டுக்கும் நடுவே உங்கள் அபிப்பிராயம் பெரிதாக மாறினால், மாறியது ஏன் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். வேடிக்கை காட்டுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. டிரம்ஸ் கலைஞர் சிவமணி சூட்கேஸையும் தண்ணீர்க் கேனையும் அடித்துக்காட்டினால் கூட்டம் எழுந்து நிற்கும், ஆனால் அந்தக் கேனிலும் அவருடைய அடி இம்மி பிசகாது. அவரைப் பார்த்துவிட்டு வாளியோடு மேடை ஏறும் நம் பிள்ளைகளிடம் வாளி இருக்கிறது, மற்றது இன்னும் வரவில்லை. நிகழ்த்தும் விதத்துக்கென்று சின்னப் பங்கு ஒதுக்கிவிடுங்கள், அது மற்றப் பங்குகளுக்குள் புகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே உட்காருகிறீர்கள் என்பது நீங்கள் நினைப்பதைவிட முக்கியம். பிரமுகர்கள் வரிசையில் சோபா போட்டு உட்காரவைப்பார்கள், அது சில மைதானங்களில் மேடையிலிருந்து வெகு தூரம். ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். 40 மீட்டர் தள்ளி இருந்தால் குச்சி விழுவது தெரிந்து ஏறத்தாழ 0.12 விநாடி கழித்துத்தான் சத்தம் வரும். நிமிடத்துக்கு 120 அடி ஓடும் பாட்டில் அது ஓர் அடியில் கால் பங்கு. கண்ணையும் காதையும் சேர்த்து வைத்துத் தீர்ப்புச் சொல்ல முயன்றால் குழம்பிப் போவீர்கள். நம் ஊரில் இன்னொன்றும் இருக்கிறது, மலை. மைதானத்துக்கு எதிரே 85 மீட்டரில் செங்குத்தான சரிவோ தொழிற்சாலைச் சுவரோ இருந்தால் அடித்த அடி அரை விநாடி கழித்துத் திரும்பி வரும். பின்வரிசையில் இருப்பவருக்கு ஒருவர் அடிப்பது இருவர் அடிப்பது போலக் கேட்கும், அதைக் கேட்டுவிட்டு “தடுமாறினான்” என்று எழுதிவிடுவார்கள். மேடையிலிருந்து 10, 15 மீட்டருக்குள், நடுவில், ஒலிபெருக்கிப் பெட்டி நேரே காதில் அடிக்காத இடமாகக் கேட்டு வாங்குங்கள். மூன்று நடுவர்களும் பக்கம் பக்கமாக உட்காருவது நல்லது, ஆனால் முடியும்வரை பேசிக்கொள்ளக் கூடாது.

அடுத்தது பனி. இதைத் தெரியாத வெளியூர் நடுவர்கள் நம் பிள்ளைகளுக்கு அநியாயம் செய்துவிடுகிறார்கள், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கு மேலே இருக்கிறது. ஏப்ரலில் மத்தியானத்துக்குப் பிறகு இடி மழை வரும், பொழுது சாய்ந்ததும் பனிமூட்டம் இறங்கும். தப்பின் தோல் ஈரத்தை இழுத்துத் தொய்ந்துவிடும். அதனால்தான் அடிக்கு முன் நெருப்பில் காய்ச்சுகிறார்கள். மேடைக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். காய்ந்த மானாப் புல்லோ கிழித்த அட்டைப்பெட்டியோ எரிந்துகொண்டிருக்கும், தப்பை முகம் கீழாகப் பிடித்து வட்டமாகச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். நடுவில் நிறுத்திப் பெருவிரலால் ஒரு சுண்டு சுண்டுவார்கள். ‘டொப்’ என்றால் மறுபடி நெருப்புக்கு, ‘டங்’ என்று மணி மாதிரி வந்தால் போதும். அளவுக்கு மிஞ்சினால் தோல் கிழிந்துவிடும், அதனால் வயதானவர் ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வார். இப்படிக் காய்ச்சி எடுத்த சூடு பனியில் அதிக நேரம் நிற்காது. அறிவிப்பாளர் நன்றி உரை, பொன்னாடை, பிரமுகர் பேச்சு என்று இருபது நிமிடம் இழுத்தடித்துவிட்டு அந்தக் குழுவை மேடைக்குக் கூப்பிட்டால், அவர்கள் அடிப்பது ஈரச் சாக்கை அடித்த மாதிரிதான் கேட்கும். அது கலைஞர் குறையல்ல. ஒவ்வொரு குழுவுக்கும் மேடை ஏறுவதற்கு ஐந்து நிமிடம் முன்பு வரை நெருப்பு இருக்க வேண்டும் என்று ஏற்பாட்டாளர்களிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் தோல் போட்ட தப்போடு வரும் குழுவும் இருக்கும். அதற்குப் பனி ஒன்றும் செய்யாது, சத்தம் கணீரென்றுதான் இருக்கும். அந்தக் கணீருக்குப் புள்ளி கொடுத்தால் தோல் தப்போடு வந்தவர்களைத் தண்டிப்பதாகிவிடும். சத்தத்தின் கனத்தை வைத்து ஒப்பிடாமல், கனமான அடிக்கும் மெல்லிய அடிக்கும் எவ்வளவு வித்தியாசம் காட்டுகிறார்கள் என்று ஒவ்வொரு குழுவுக்குள்ளேயே பாருங்கள். குட்டையான அடிக்குச்சி விழுவதும் நீளமான மெல்லிய குச்சி விழுவதும் தனித்தனியாகக் காதில் விழ வேண்டும். தொய்ந்த தோலிலும் நல்ல கை அதைப் பிரித்துக் காட்டிவிடும்.

டிரம் செட்டில் இதே மாதிரி அநியாயம் சவுண்ட் மேசையில் நடக்கும். கிக் டிரம் மைக்கைக் குறைத்து வைத்திருந்தால் எப்பேர்ப்பட்டவரும் காலே இல்லாதவர் மாதிரிக் கேட்பார். எல்லாருக்கும் ஒரே செட், ஒரே அமைப்பு என்பதால் சமம் என்று நினைக்காதீர்கள். உயரம் குறைந்த பிள்ளைக்கு ஆசனத்தை இறக்க வேண்டும், இடக்கைக்காரருக்கு ஹை-ஹாட்டையும் டாம்களையும் திருப்பி வைக்க வேண்டும். அதற்கு நேரம் கொடுக்காவிட்டால் அவர் கண்ணாடியைப் பார்த்து எழுதுகிறவர் மாதிரித்தான் அடிக்க வேண்டியிருக்கும். ஆளுக்கு ஐந்து நிமிடம் கேளுங்கள். பதிவுசெய்த இசையோடு சேர்ந்து அடிக்கும் பேண்டில், காதில் ஹெட்போன் வழியாக மெட்ரோநோமின் ‘டிக் டிக்’ ஓடிக்கொண்டிருக்கலாம். அங்கே ஓட்டம் நிலையாக இருப்பதன் முழுப் பெருமையும் அவருக்குச் சேராது. அதோடு ஒட்டி, விறைப்பில்லாமல் அடிப்பதும் ஒரு திறமைதான். யார் யாருக்கு அது இருந்தது என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

குச்சி கை நழுவி விழுந்தால்? ஏப்ரல் இரவிலும் இங்கே விரல் விறைக்கிற குளிர் உண்டு. விழுந்ததற்குக் கழிக்காதீர்கள். மறு கையால் ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த குச்சியை எடுத்தாரா, இல்லை நின்றுவிட்டாரா என்று பாருங்கள்.

தப்பு அடிகளின் பொருளைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். ஒரு காலத்தில் விடியற்காலைப் பெரட்டுக்கு (தோட்ட வேலைக்கு ஆள் எண்ணும் கூட்டத்துக்கு) ஆள் கூப்பிட்டதும் தப்புதான், திருவிழாவுக்கும் தப்புதான், சாவுக்கும் தப்புதான். ஒவ்வொன்றுக்கும் அடி வேறு. மாசியில் காமன் கூத்து (மன்மதன் கதையை ஆடும் கூத்து) நடக்கும்போது கட்டத்துக்குக் கட்டம் அடி மாறும், பெரியவர்கள் லயத்துக்குள் (தோட்டத்து வரிசை வீட்டுக்குள்) படுத்திருந்தே கூத்து எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடுவார்கள். மேடைக் குழுக்கள் இப்போது எல்லா அடியையும் கலந்து ஒரு கோவையாகத் தருகிறார்கள். சாவு அடியைப் புத்தாண்டு மேடையில் அடிக்கலாமா என்று பெரியவர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். இதில் சரி தவறு சொல்ல என்னால் முடியாது, தோட்டத்துக்குத் தோட்டம் வழக்கம் மாறும். என் சொந்த அபிப்பிராயம், எந்த அடி என்று சொல்லிவிட்டு, அதன் அமைதியோடு அடித்தால் எதையும் அடிக்கலாம். அதை ஆட்டத்துக்காக அவசரப்படுத்திக் கேலியாக்கினால் நான் குறைப்பேன். தப்பை மேடையில் அடிப்பதே இழிவு என்று ஒதுக்கிய காலம் ஒன்று இருந்தது, பெண்பிள்ளைகளும் சேர்ந்து அடிக்கும் குழுக்கள் வந்திருப்பது நல்ல மாற்றம். ஆனால் அந்த மகிழ்ச்சிக்காகப் புள்ளி கூட்டிப் போடாதீர்கள், அவர்களுக்கும் அது மரியாதை இல்லை. நடுவர் குழுவில் ஊர்த் தப்பு வாத்தியார் ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். எந்த அடி தன் உருவில் நின்றது, எது சிதைந்தது என்று அவர் சொன்னால்தான் சபை ஏற்கும்.

மூன்று வாத்தியத்தையும் ஒரே பட்டியலில் வைப்பதுதான் எனக்குப் பெரிய சந்தேகம். நேர்மையாகச் சொன்னால், ஒப்பிட முடியும் என்று நான் நம்பவில்லை. கெட்ட பெரயில் தத், ஜித், தொங், நங் என்று நான்கு மூல ஒலிகள் உண்டு. இடது முகம் கனமாகவும் வலது முகம் மெல்லியதாகவும் பேசும். அந்த நான்கும் சுத்தமாகப் பிரிந்து கேட்கிறதா, ஆடுகிறவரின் காலோடு நிற்கிறதா என்பதுவரை நீங்களும் நானும் சொல்லலாம். அதற்கு மேல், எந்தப் பதம் (அடிக்கோர்வை) முறைப்படி வந்தது, எங்கே விட்டுப்போனது என்பதெல்லாம் பரம்பரையாகக் கற்ற ஒரு குருன்னான்சேக்குத்தான் (சிங்கள மரபுக் குருவுக்குத்தான்) தெரியும். கண்டிப் பெரஹரா ஊர்வலத்தில் அடிப்பவர்களின் மாணவர்கள் பதுளை, கண்டிப் பக்கம் பாடசாலைகளில் ஆசிரியர்களாக இருக்கிறார்கள், ஒருவரைக் கூப்பிடுவது கஷ்டமில்லை. முடிந்தால் மூன்று பிரிவாக்கி மூன்று பரிசு கொடுக்கச் சொல்லுங்கள். காசு இல்லை, ஒரே கிண்ணம்தான் என்றால் ஒவ்வொரு பிரிவிலும் முதலாமவரைத் தேர்ந்துவிட்டு, அந்த மூவரில் ஒருவரைப் பெரும்பான்மை வாக்கால் எடுங்கள். அது ரசனைத் தீர்ப்பு என்று மேடையிலேயே அறிவித்துவிடுங்கள்.

புள்ளியை நான் 100க்குப் பிரிப்பது இப்படி: ஓட்டத்துக்கு 35, மற்றவர்களோடு சேர்ந்து நின்றதற்கு 30, ஒலியின் சுத்தத்துக்கும் கனம் மென்மைக்கும் 20, கற்பனைக்கு 10, மேடைத் தோற்றத்துக்கு 5. வேறு ஆசிரியர் கற்பனைக்குக் கூடுதலாகக் கொடுப்பார், அதுவும் தவறில்லை. எப்படிப் பிரித்தாலும் அதைப் போட்டிக்கு ஒரு வாரம் முன்பே குழுக்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். வேகத்துக்கென்று தனிப் புள்ளி இல்லை என்று எழுத்தில் இருந்தால் போன வருடச் சண்டையில் பாதி வராது. முதலில் அடிப்பவருக்கு எப்போதும் கொஞ்சம் நஷ்டம் உண்டு. பிரசல்ஸில் நடக்கும் குயின் எலிசபெத் பியானோ, வயலின் போட்டிகளின் முடிவுகளை ஆராய்ந்து 1996இல் வெளியான கட்டுரையே வாசிக்கும் வரிசை முடிவைப் பாதிக்கிறது என்று காட்டியது. நடுவர்கள் முதல் ஆளுக்குக் கையை இறுக்கிக்கொள்வார்கள், பின்னால் வருபவர்களுக்குத் தளர்த்துவார்கள். வரிசையைச் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள், முதல் இரண்டு பேரின் புள்ளியை எல்லாரும் முடிந்தபின் ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். கைப்பேசியில் ஒலியை மட்டும் பதிவுசெய்து வைத்திருந்தால் அது இதற்கு உதவும்.

இரண்டு பேர் சமமாக வந்துவிட்டால் இன்னொரு தனி ஆவர்த்தனம் கேட்காதீர்கள், மறுபடி வேகப் போட்டிதான் ஆகும். நிமிடத்துக்கு 60 அடி, எந்த உருட்டும் இல்லாமல், ஆளுக்கு ஒரு நிமிடம் வெறும் தாளம் மட்டும் அடிக்கச் சொல்லுங்கள். இரண்டு அடிக்கு நடுவே ஒரு விநாடி காலியாக இருக்கும், அந்த இடைவெளியில் ஒளிந்துகொள்ள ஒன்றுமில்லை. மூவரும் கையில் தட்டிக்கொண்டே கேட்டால் யாருடைய அடி முந்துகிறது, யாருடையது நிற்கிறது என்பது தெரிந்துவிடும். மொத்தம் ஐந்து நிமிட வேலை. நிகழ்ச்சி நிரலில் அதற்கு இப்போதே இடம் ஒதுக்கச் சொல்லிவிடுங்கள். அன்று இரவு மழை வந்துவிட்டால் கேட்டாலும் கிடைக்காது.